கங்காணிக்கு அருள் வந்தது

என் புருஷன் மேல் மாரியம்மன் வந்து இறங்கினாள் என்று ஜோகூரில் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகட்டும். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவள் நான். வந்தது என்ன, எங்கே வந்தது, எப்போதிருந்து வந்தது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

அவர் பேரை நான் சொல்லக்கூடாது. ஆனால் தோட்டமே வீரமுத்துக் கங்காணி, வீரமுத்துக் கங்காணி என்று கத்துகிற பேரை நான் ஒருத்தி விழுங்கி என்ன ஆகப்போகிறது? சொல்லிவிட்டேன். இனிமேல் கங்காணி என்றே சொல்கிறேன், நாக்குக்கும் அதுதான் பழக்கம்.

கங்காணி என்றால் சும்மா இல்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் எடுக்கும்போது அவர் ஒரு செருமல் செருமினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். சீக்காளிகளுக்கு அங்கே தனி வரிசை. மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் வந்து ஒவ்வொருவராகப் பார்ப்பார். என்ன சீக்கு என்பதை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைத் துரை காதில் ஓதியதே எங்கள் கங்காணிதான். சத்தம் போட்டுச் சொல்லச் சொன்னால் பாதிப் பேருக்குச் சீக்கு பறந்துவிடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். பறக்கத்தான் செய்தது. பறந்தது சீக்கா, சொல்லுகிற தைரியமா என்று யாரும் பார்க்கவில்லை.

ஐயாசாமி என்று ஒரு பால்வெட்டுக்காரன் இருந்தான். வாயில்லாப்பூச்சி. ஒருநாள் அந்த வரிசையில் நின்று, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நீர் போகும்போது எரிகிறது என்றான்.

"அடேய், ரெங்கத்துல எந்த வூட்டுக்குடா போயிட்டு வந்த? பொம்பளைச் சீக்கைத் தோட்டத்துக்குள்ள கொண்டாந்துட்டியேடா!" என்றார் கங்காணி.

களமே சிரித்தது. ஐயாசாமி கொஞ்ச நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு லாபிஸ் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் எந்த வீட்டுக்கும் போகாதவன் என்று அவன் பெண்டாட்டி கருப்பாயி என் மடியில் விழுந்து அழுதாள். நான் என்ன சொல்ல? சிரித்தவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர்.

அடுத்த மழைக்காலத்தில் கங்காணிக்கே வந்தது.

எனக்கு அது முதலில் சைக்கிளில்தான் தெரிந்தது. தோட்டத்திலேயே துரைக்கும் கணக்கெழுதுகிற கிராணிக்கும் அடுத்தபடி சைக்கிள் வைத்திருந்தவர் அவர். அதை யாராவது தொட்டால் கையை முறித்துவிடுவார். அப்படிப்பட்டவர் அதை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போக ஆரம்பித்தார்.

"ஏங்க, ஏறி மிதிக்கத்தானே சைக்கிளு? அதைப் போயி நீங்க நடத்திக்கிட்டுப் போறீங்க?"

"சீட்டு சரியில்லை."

புதுச் சீட்டு வந்தது. அப்போதும் உருட்டல்தான். பிறகு வீட்டில் பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன் ஒரு ஓரமாகத் தொற்றிக்கொண்டு சாப்பிட்டார். அப்புறம் அதுவும் இல்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தில் உலாத்தியபடியே சாப்பிட்டார். கேட்டால், துரைமார்கள் விருந்தில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார்களாம். எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புக்குத் துரை விருந்து!

கொல்லைப்பக்கம் போவதும் வருவதும் ஓயவில்லை. போய்விட்டு வந்து வாசற்படியில் கால் வைப்பார், திரும்பவும் போவார். போனால் வர நேரமாகும். கள்ளுக்கடையில் உட்கார்ந்து நியாயம் பேசுகிற ஆள், பேச்சின் நடுவில் எழுந்து ஓடுவதாகப் பேச்சு வந்தது. இடுப்புக்குக் கீழே வலி என்று ராத்திரியில் முனகினார். என்ன என்று கேட்டால் சூடு என்றார்.

எங்கள் ஜனத்துக்குச் சூடு என்பது மரியாதையான சீக்கு. அதை நாலு பேர் நடுவில் சொல்லலாம், அவர்களும் மருந்து சொல்வார்கள். கங்காணிக்குச் சூடு என்றதும் லயத்து வீடுகளெல்லாம் வைத்தியம் பார்த்தன. தொப்புளில் விளக்கெண்ணெய், கால் பெருவிரலில் சுண்ணாம்பு, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு, வெந்தயம் ஊறின தண்ணீர், இளநீர். கள்ளும் குளிர்ச்சிதான் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்ல, அந்த மருந்தை மட்டும் அவர் ஒருநாளும் தவறவிடவில்லை. சூடு தணியவில்லை. எரிச்சல் கூடியது.

பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அங்கேதான் என் புத்தி கோணல் வழியில் போனது. பேச்சின் நடுவில் எழுந்து ஓடுகிறவர், நின்றுகொண்டே சாப்பிடுகிறவர், பெண்டாட்டி பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறார் என்றால் ஒரு பெண்பிள்ளை என்ன நினைப்பாள்? ரெங்கத்தில் சந்திரமதி என்று ஒருத்தி தையல்கடை வைத்திருந்தாள். அவளை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமலே அவள் மூக்கை மனசுக்குள் எத்தனை தரம் அறுத்திருப்பேன்! அரிசி களையும்போது அறுத்தேன், துணி துவைக்கும்போது அறுத்தேன்.

ஒருநாள் பால் எடுத்து முடிந்த நேரம், கங்காணி சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆளில்லாத வெட்டுக்காட்டுக்குள் போவதைக் கண்டேன். இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஒரு விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் சைக்கிளைச் சாத்தினார். முன்னும் பின்னும் பார்த்தார். நான் மரத்துக்குப் பின்னால் கட்டையோடு நின்றேன். வருவாள், வரட்டும் என்று பார்த்தால் ஒருத்தியும் வரவில்லை.

கங்காணி ஒரு ரப்பர் மரத்தைப் பார்த்து நின்றார். நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் தோள் குலுங்கியது. பெரட்டுக்களத்தையே அதட்டுகிற மனுஷன், "ஐயோ, அம்மா, எரியுதே" என்று சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார்.

கட்டையைக் கீழே போட்டேன். அழுகை வந்துவிட்டது. புருஷனுக்குச் சீக்கு என்று தெரிந்து சந்தோஷத்தில் அழுத பெண்டாட்டி இந்த ஜோகூர் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"என்னை வேவு பாக்க வந்தியாடி?" என்று சீறினார், வேட்டியைச் சரிசெய்துகொண்டே.

"ஆமா, வந்தேன். எத்தனை காலமா இப்படி?"

"மழை பிடிச்சதுலருந்து."

"டிரெஸ்ஸர்கிட்ட போலாங்க."

"எந்த வரிசையில நிக்கச் சொல்ற என்னை? ஐயாசாமியை நான் கேட்டதை எவனாச்சும் மறந்திருப்பானா?"

"நீங்க போகக்கூடாத எடத்துக்குப் போனீங்களா?"

"மாரியாத்தா சத்தியமா இல்லை, புள்ள."

"அப்புறம் என்னா பயம்?"

"உண்மை எவனுக்குடி வேணும்? சிரிக்கிறதுக்கு ஒருத்தன் ஆரம்பிச்சாப் போதும். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! பெரட்டுக்களம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கே போவோம் என்றேன். பல தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரி அது, எங்கள் எல்லையைத் தாண்டி ரெங்கம் போகிற பாதையில் இருந்தது. திருவிழா முடியட்டும் என்றார். சரி, அதையாவது ஒத்துக்கொண்டாரே என்று நானும் விட்டேன். விட்டிருக்கக்கூடாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டார்.

மஞ்சள் கயிறுதான். ஆனால் அது கையில் ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. சாவுத் தீட்டு இருக்கிற இடத்தை மிதிக்கக்கூடாது. ஆஸ்பத்திரி எல்லைக்கு வெளியே இருக்கிறது, அங்கே ஆட்கள் சாகவும் செய்கிறார்கள். என்னிடமிருந்து தப்பிக்க அவர் மாரியம்மன் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டார். அதோடு, சூட்டுக்கெல்லாம் அதிபதி அவள்தானே, அவளே தணித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். மூத்திர எரிச்சல் அவள் இலாகா இல்லை என்பதை இவரிடம் யார் சொல்வது?

காப்புக் கட்டினவர் கோயிலிலேயே தங்கினார். மோரும் கூழும் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கையைத் தொட்டுப் பார்ப்பேன். கொதிக்கும். கண் சிவந்திருக்கும். விரதக் களை முகத்தில் தெரிகிறது என்று பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பால்குடம் எடுக்கிற அன்று காலையில் என்னைச் சாடை காட்டிக் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டார். முகம் வெளிறிக் கிடந்தது. அடிவயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து பொழுதுசாயுறதுலருந்து ஒரு சொட்டுகூடப் போகலை, புள்ள. வயிறு வெடிச்சிடும் போல இருக்கு."

தொட்டேன். தொப்புளுக்குக் கீழே பானை கவிழ்த்த மாதிரி உப்பிக் கல்லாக இருந்தது.

"கயித்தை அத்துப் போடுங்க. இப்பவே போலாம்."

"காப்பை அத்துட்டுப் போனா ஊரு என்னா சொல்லும்?"

"செத்துப் போனா என்னா சொல்லும்?"

கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சாமிக்குக் காப்புக் கட்டுனபடியே போனான்னு சொல்லும்" என்றார். அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. எனக்கு அவரை அங்கேயே நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல் இருந்தது. இந்த ஆள் செத்துவிடுவார், மரியாதையாகச் செத்துவிடுவார், நான் தாலியைக் கழற்றிவிட்டு அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

உறுமி முழங்கியது. வெயில் உச்சிக்கு ஏறியது. பால்குடங்களுக்கு முன்னால் வேப்பிலையோடு நின்ற கங்காணிக்குத் திடீரென்று குளிர் எடுத்தது. முதலில் தாடை கிடுகிடுத்தது. அப்புறம் தோள், அப்புறம் உடம்பு முழுக்க. அந்த வெயிலில் பல்லோடு பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"அருளு வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். குலவைச் சத்தம் பிளந்தது. உறுமிக்காரன் வேகத்தைக் கூட்டினான். பூசாரி செல்லப்பன் ஓடிவந்து கங்காணியின் காலில் விழுந்தார். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவர் தலையில் கொட்டினார்கள். நீர் அடைத்துத் துடிக்கிறவன் மேல் குடம் குடமாகத் தண்ணீர்! எதிரிக்குக்கூட அந்தத் தண்டனை வேண்டாம்.

"வந்திருக்கிறது யாரு? வாய் தொறந்து சொல்லு தாயே!" என்றார் செல்லப்பன்.

கங்காணி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் சாவுபயம் இருந்தது. ஒரு வார்த்தை போதும், காய்ச்சல் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டார். இதைக் கேளுங்கள், அந்த நிலையிலும் மனுஷன் உறுமிக்குத் தக்கபடி தலையை ஆட்டினார்! அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம், அதை வேண்டுமானால் அருள் என்று சொல்லுங்கள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் வாயருகே காதை வைத்தேன். கேட்கிற மாதிரி தலையை ஆட்டினேன். பிறகு நிமிர்ந்து கத்தினேன்.

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணுங்கிறா!"

உறுமி நின்றது. செல்லப்பன் திருதிருவென்று விழித்தார்.

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு என்னா வேலை, வெள்ளையம்மா?"

"அதை என்னைக் கேக்குறீங்களே, அவளைக் கேளுங்க. கேட்டுட்டு நாளைக்கு உங்க வூட்டுல முத்துப் போட்டா என்கிட்ட வரக்கூடாது."

"இல்லை, காப்புக் கட்டுனவரு எல்லை தாண்டக்கூடாதே..."

"தாண்டக்கூடாதது மனுஷன். இப்ப இங்க நிக்கிறது யாரு? நீங்கதானே கால்ல விழுந்தீங்க?"

செல்லப்பன் வழிவிட்டு ஒதுங்கினார். கங்காணிக்கு என் தந்திரம் புரிந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று தலையை அசைத்தார். அம்மாளுக்கு ஆவேசம் கூடிவிட்டது, சீக்கிரம், சீக்கிரம் என்றேன் நான்.

அம்மன் ஊர்வலத்துக்காகப் பூச்சரம் கட்டி வைத்திருந்த மாட்டுவண்டியில் அவரைத் தூக்கிப் போட்டார்கள். எல்லையில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வண்டி தாண்டியது. பின்னால் உறுமி, பால்குடம், வேப்பிலை, முழுத் தோட்டம். செம்மண் பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் கங்காணி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். உறுமிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருத்தருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட வெட்கப்பட்டவர் மேளதாளத்தோடு போய்ச் சேர்ந்தார்.

பெரட்டுக்களத்துக்கு வருகிற டிரெஸ்ஸர் ஏரம்பமூர்த்திதான் அங்கேயும். யாழ்ப்பாணத்துக்காரர். சாப்பாட்டுக் கையோடு வெளியே வந்தார்.

"என்ன இது, தேர்த் திருவிழாவோ? முதல்லை மேளத்தை நிப்பாட்டுங்கோ! ஆருக்கு என்ன?"

"அம்மா வந்திருக்கா ஐயா" என்றார் செல்லப்பன்.

டிரெஸ்ஸர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார், அடிவயிற்றில் கை வைத்தார். கங்காணி கத்தின கத்தலில் மாடு மிரண்டது.

"எப்பவிருந்து மூத்திரம் போகேல்லை?" என்று கேட்டார் டிரெஸ்ஸர். மெல்லக் கேட்டிருக்கலாம். அவருக்கும் சத்தமாகக் கேட்டே பழக்கம், பழக்கினது யார்?

கங்காணி கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் சொன்னேன். எரிச்சல், அடிக்கடி போனது, உட்கார முடியாதது, இடுப்பு வலி, காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தினார்கள். அவர் அலறினது கேட்டது. அப்புறம் அலறல் நின்றது. எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. வெகுநேரம் கழித்து டிரெஸ்ஸர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"குழாய் போட்டு மூத்திரம் எடுத்தாச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நீங்கள் இங்கை அல்ல, சுடலைக்குத்தான் கொண்டு போயிருப்பியள். ஆம்பிளையளுக்கு மூத்திரப் பைக்குக் கீழை ஒரு சுரப்பி இருக்கு. அது அழன்று வீங்கிப் பாதையை அடைச்சுப் போட்டுது. எரியத் தொடங்கின நேரமே வந்திருந்தால் மருந்தோடை மாறியிருக்கும்."

"ஐயா, அது அந்த... பொம்பளைச் சீக்கு..."

"சோதிச்சுப் பாத்தனான். அது இல்லை. ஒரு பாவமும் செய்யாதவனுக்கும் இது வரும். இளந்தாரியளுக்கும் வரும், கிழவனுக்கும் வரும்."

பிறகு ஒரு தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பச் சொன்னார். கங்காணியை அதில் இடுப்பளவுக்கு உட்கார வைக்க வேண்டுமாம், வலி குறையுமாம். மழைக்காலம் பூராவும் இளநீரும் வெந்தயமுமாகச் சூட்டைத் துரத்தின மனுஷன் ஆவி பறக்கிற தண்ணீரில் உட்கார்ந்து, "அப்பாடா" என்று கண்ணை மூடினார்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் என் கையைப் பிடித்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"வெளிய போயி அம்மா மலையேறிட்டான்னு சொல்லிடு, புள்ள. டிரெஸ்ஸரு என்னமோ தப்பாக் கேட்டாரு, எல்லாம் அம்மா வெளையாட்டுன்னு சொல்லிடு. என் மானம் உன் கையில இருக்கு."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வராந்தா நிறைய ஜனம். செல்லப்பன் கற்பூரத் தட்டோடு எழுந்து நின்றார்.

"அம்மா என்னா வாக்குச் சொன்னா, வெள்ளையம்மா?"

சொல்லியிருக்கலாம். மலையேறிவிட்டாள் என்று ஒரு சொல். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், கங்காணிக்கு மாலை வந்திருக்கும். என் எதிரில் நின்ற ஆண்பிள்ளைகளைப் பார்த்தேன். கிழவன்களும் இளவட்டங்களுமாக எத்தனை பேர்! இதில் எவன் எந்த மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறானோ, எவளுக்குத் தெரியும்?

"அம்மாவும் வரலை, ஆத்தாளும் வரலை" என்றேன். "அவருக்கு மூத்திரம் அடைச்சுக்கிச்சு. மழை பிடிச்சதுலருந்து எரிச்சல், சொல்ல வெக்கப்பட்டுச் சாகக் கெடந்தாரு. குளுருக் காய்ச்சல்ல நடுங்குனதைத்தான் நீங்க கும்பிட்டீங்க. பொம்பளைச் சீக்கு இல்லை, டிரெஸ்ஸரு ஐயா சோதிச்சுப் பாத்துட்டாரு. உள்ளுக்குள்ள ஏதோ வீங்கிடுச்சாம், எந்த ஆம்பளைக்கும் வருமாம். எரிஞ்சா, அடிக்கடி ஓடுனா, உக்கார முடியலைன்னா எளநீ குடிச்சிக்கிட்டுக் கெடக்காம இங்க வாங்க. எவனாச்சும் சிரிச்சா எங்கிட்ட வாங்க, நான் பாத்துக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. ஆண்பிள்ளைகள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செல்லப்பன் கற்பூரத் தட்டை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "டிரெஸ்ஸரு ஐயா இன்னும் உள்ளதான் இருக்காராம்மா?" என்று கேட்டார்.

"இருக்காரு, போங்க" என்றேன்.

அதற்குள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கங்காணி என்னைத் திட்ட ஆரம்பித்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. என்னை, என் அப்பனை, என்னைக் கட்டிவைத்த தரகனை, ஒருத்தர் பாக்கியில்லாமல் இழுத்து வைத்துத் திட்டினார். நல்ல கணீரென்ற குரல். நான் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து, வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு, அவர் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.